லைனுக்கு ஒரு டோக்கன்

நாடுகள் போட்டுக்கொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களில் பெண்களை யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை என்று நூற்றிருபது பக்கம் ஆய்வேடு எழுதி எம்.ஏ. வாங்கியவள் நான். இப்போது பெருமாநல்லூரில் என் சித்தப்பாவின் பனியன் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். இதைச் சொல்லும்போதே முகம் சுடுகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் நான்கு தையல் லைன், லைனுக்கு முப்பது பெண்கள், ஒரே ஒரு டோக்கன். அது சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். போனவள் வந்த பிறகுதான் அடுத்தவள் எழ முடியும்.

அந்தப் புதன்கிழமை வெளிநாட்டு வர்த்தகக் குழு ஒன்று வந்தது. புது ஒப்பந்தத்தில் பெண் தொழிலாளர் நலனுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டாம். மூன்று மணிக்குத் திருப்பூர் ஓட்டலில் அதைப் பற்றிக் கருத்தரங்கு, பேச என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் மூன்றாவது லைன் டெய்லர் பிரிசில்லா டாக்டர் சீட்டோடு என் அறை வாசலில் நின்றாள். கர்ப்பப்பையில் கட்டி, ரத்தப்போக்கு நிற்கவில்லை.

“மணிக்கொருக்கா போகோணுமுங்க மேடம். டோக்கனுக்குக் காத்திருந்தா ஆகறதில்லீங்க. இன்னைக்கு வர்றவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…”

“நான் பாத்துக்கறேன் அக்கா. தைரியமா போங்க.”

அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாசமெல்லாம் இல்லை, வாயை அடைக்கத்தான்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் கேளுங்கள். குழு வருமுன் நான்கு டோக்கனையும் கழற்றி என் ஹேண்ட்பேக்கில் போட்டேன். ஆணிகளையும் பிடுங்கச் சொன்னேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் குழுத் தலைவி சுற்றிப் பார்த்தார். நேராகப் பிரிசில்லாவிடம் வந்து நின்று, நினைத்தபோது பாத்ரூம் போக முடிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நானே ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டேன். அவளுக்காகப் பேசுகிறேன் என்று பிரிசில்லா நம்பிவிட்டாள். அந்த அம்மையாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு அப்படியே குழுவோடு காரில் கிளம்பினேன். ஓட்டல் மேடையில் வெளுத்து வாங்கினேன். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையைத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பில் படிக்கலாம் என்றேன். ஒரே கைதட்டல். நடுவில் மூன்றாவது லைன் சூப்பர்வைசர் சசிகுமார் போனில் அழைத்தான், கட் செய்தேன். மறுபடி அழைத்தான், சைலன்ட்டில் போட்டேன். அப்புறம் போட்டோ, டீ, கேக்.

ஐந்தரைக்குத் திரும்பியபோது சசிகுமார் கேட்டிலேயே நின்றிருந்தான்.

“எத்தன தடவைங்க மேடம் கூப்படறது? டோக்கன் உங்க பேக்லயே போயிருச்சுங்க. டோக்கன் இல்லாம ஒருத்தரையும் உடக்கூடாதுன்னு நீங்கதானுங்களே ரூல் போட்டீங்க?”

ஆமாம், நான்தான் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், என் கையெழுத்தோடு.

பிரிசில்லா ஸ்டூலில், வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி, சிவப்பாகியிருந்தது. பக்கத்து மெஷின் பெண்கள் என்னைப் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

பையைத் திறந்து டோக்கனை எடுத்தேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“நாம சொன்னதுக்கு அந்தம்மா என்னங்க மேடம் சொன்னாங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தாள். இது வேண்டாம், போங்க என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கை பழக்கத்தில் நீண்டு, டோக்கனை அவள் கழுத்தில் மாட்டிவிட்டது.