பெயரைச் சொன்னால் போதும்

தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டு, வழக்கமான பாவங்களையெல்லாம் சொல்லியாகிவிட்டது. கணவரிடம் எரிந்து விழுந்தது, பூசைக்குப் போகாமல் உடம்பு சரியில்லை என்று படுத்துக் கிடந்தது, கடையில் வாடிக்கையாளரின் துணி மிச்சமானதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டது. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் மூக்கை உறிஞ்சினார். வயதில் அவளுடைய மகனைவிடச் சின்னவர். நல்ல ஜலதோஷம் போல.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அப்படித்தான் எழுந்து வருவாள். இந்த முறை முழங்கால் நகரவில்லை.

"இருக்கு ஃபாதர். ஒரு பொண்ணு சந்தோஷமா இருக்கா. அது எனக்குப் பொறுக்கல."

"யாரும்மா அது?"

"என் மருமக. மருமகளா இருந்தவ."

தெருவில் எல்லாரும் அவளை டெய்லரம்மா என்பார்கள். ஜன்னல் திரைகள் தைக்கும் கடையில் வேலை. ஒரே மகன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் மருமகள் இந்த வீட்டிலேயேதான் இருந்தாள். அம்மா இல்லாத பெண். போக வேறு இடமும் இல்லை. டெய்லரம்மா வீட்டில் மிஷின் முன்னால் உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வாள். "நிறுத்தாதீங்க அத்தை, சத்தம் இருக்கட்டும்" என்பாள். தைக்க ஒன்றும் இல்லாத நாட்களில் டெய்லரம்மா நூல் கோக்காமல் வெறும் மிஷினை ஓட்டியிருக்கிறாள். அப்படி இருந்தவள்தான் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்று சொன்னாள். "உன் வாழ்க்கை, உன் இஷ்டம்" என்றாள் டெய்லரம்மா. கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. கணவர் மட்டும் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டினார்.

அதைக்கூட விழுங்கிவிட்டிருப்பாள். ஆனால் போன மாதம் கடைத்தெருவில் இருவரையும் பார்த்துவிட்டாள். வாயும் வயிறுமாக மருமகள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பின் நடுவே மூக்கில் ஒரு சத்தம் வரும். மகன் அதைச் செய்து காட்டி அவளைக் கேலி செய்வான். அந்தச் சிரிப்பு அவனுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது இன்னொருவன் பக்கத்தில் நின்று, அதே சத்தத்தோடு வந்தபோது, அவள் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பி நடந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சாமியார் மறுபடி மூக்கை உறிஞ்சினார். ஏதாவது வசனம் சொல்வார் என்று நினைத்தாள்.

"இதுக்கு என்ன பரிகாரம் குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். "ஒண்ணு செய்ங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் ஜெபத்துல அவங்க பேரைச் சொல்லுங்க. நல்லா இருக்கணும்னு மனசு வராட்டி அதைச் சொல்ல வேணாம். பேரைச் சொன்னாப் போதும்."

இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு என்று. சாப்பாட்டு மேசையில் திருவருகைக் காலத்துக்கென்று வைத்த பச்சை இலை வளையத்துக்குள் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, கணவர் சத்தமாக ஜெபம் சொல்வார். பஸ் ஓட்டிப் பழகிய குரல். பின் சீட்டில் இருப்பவருக்கும் கேட்கும். அவர் முடித்ததும் ஒரு நிமிட மௌனம். அந்த நிமிடத்தில் அந்தப் பெயர் வெளியே வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். மறுநாளும் அப்படியே. கடையில் வேலை தலைக்கு மேல் இருந்தது. பண்டிகைக்குள் வேண்டும் என்று ஊரே புதுத் திரை கேட்டது. அளவெடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் வெள்ளையடித்து, சோபாவை நகர்த்திப் போட்டு, ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு பெயரைச் சுத்தமாகச் சொல்ல முடியவில்லை.

வளையத்தில் ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. கணவர் டிபன் கேரியரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடத்தில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாக்கிங்கா?"

"ஆமா. டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருக்காரே."

"டிபன் கேரியரையும் நடக்கச் சொன்னாரா?"

அவர் நிமிரவில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அடிப்பாகம் கொஞ்சமாவது தேஞ்சிருக்கா பாருங்க. மாசக்கணக்கா நடக்கிற ஷூவாம்! பஸ்ஸுல உக்காந்து போயிட்டு வர்ற ஷூ அது."

"மருமகளைப் படுத்தே இருக்கச் சொல்லிட்டாங்க" என்றார், ஷூவைப் பார்த்தபடியே. "அந்தத் தம்பிக்குச் சமைக்கத் தெரியல. நான் கொண்டுபோறது வெளியில வாங்கினதுதான். ஒரே உப்பு."

டெய்லரம்மா அடுப்படிக்குப் போனாள். கேரியரில் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் தனியே எடுத்து வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சமைத்து முடிக்கும்வரை அவர் ஷூவோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

மருந்துக்கடைக்காரர்தான் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எதிரே நிற்பதா போவதா என்று தெரியாமல், டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். கணவரும் உதவுகிறேன் என்று பின்னாலேயே நழுவினார். மருமகள் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. டெய்லரம்மாவின் கண் தன்னையறியாமல் சுவர்களில் மகனின் படத்தைத் தேடியது.

"படம் பீரோவுல இருக்கு அத்தை" என்றாள் மருமகள். "இவரு மாட்டச் சொன்னாரு. எனக்குத்தான் முடியல. தினம் பாத்துட்டே எப்படி இருக்கிறது?"

டெய்லரம்மா தட்டை எடுத்துச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். பாதி சாப்பிட்ட பிறகு மருமகள் நிறுத்தினாள்.

"பிரசவத்தப்ப உள்ள ஒரு பொம்பளையை மட்டும்தான் விடுவாங்களாம். நீங்க வருவீங்களா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"அதேதான்."

மகனை வெளியே கொண்டுவந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. கைவலி வந்தபோதுகூட வேறு எங்கோ போய் வரிசையில் நின்றாள்.

"ஒவ்வொரு செக்கப்புக்கும் அந்தப் படி ஏறும்போது எனக்குப் பயமா இருக்கும் அத்தை" என்றாள் மருமகள். "இவருகிட்டச் சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்றதில்ல."

டெய்லரம்மா தட்டில் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். அந்தப் படிகளில் இவள் தனியாக ஏறி இறங்கியிருக்கிறாள், அதுவும் மாதாமாதம் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"பாக்கலாம். முதல்ல சாப்பிடு" என்றாள்.

அன்று சாயங்காலம் மௌனத்தின்போது பெயரைச் சொன்னாள். வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. கணவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பெயருக்குப் பின்னாலேயே, அவள் கூப்பிடாமலே, வேறொன்றும் வந்தது. பயப்படாம இருக்கட்டும்.

பண்டிகைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. காலையில் அவள் கடையில் ஒரு நீளத் திரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் மருந்துக்கடைக்காரர். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. முதலாளியிடம் என்ன சொல்லிவிட்டு இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கால் நின்றுவிட்டது. படிகளுக்குப் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள். சுவரும் வேறு நிறம். பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினாள். இடதுபக்கம் திரும்பும் வராந்தாவை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே அதன் கடைசி அறைவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. வலதுபக்கம் நடந்தாள். பிரசவ அறைக்கு வெளியே மருந்துக்கடைக்காரர் பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

நர்ஸ் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள கூட இருக்கப் போறது நீங்களா? அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். 

"என் பொண்ணு மாதிரி" என்று ஆரம்பித்து, அது சரியில்லை என்று நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. நர்ஸுக்குப் பதில் கேட்க நேரமில்லை. ஒரு பச்சை அங்கியை அவள் தோளில் மாட்டி, முதுகுப் பக்கம் நாடாவை முடிந்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

வெறும் காலுக்குத் தரை சில்லென்றிருந்தது. கட்டிலில் மருமகள் முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்களை இறுக மூடியிருந்தாள். அவளுடைய ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டு, விரல்களை விரித்து, காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.