பதினேழாவது விசை

லாரி உதிரிபாகக் கடையின் கவுண்டரில் பதினான்கு வருடமாக ஆர்டர் போடுகிறவள் அவள். பன்னிரண்டு கிளைகள் கொண்ட அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அதிகாரி அவளுடைய கொழுந்தன். வீட்டில் “அண்ணி” என்பான், ஆபீசில் “மேடம்” என்பான். இரண்டு இடத்திலும் அவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

கவுண்டரில் இருந்த பழைய டெர்மினல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. வெறும் திரையும் கீபோர்டும்தான் அவை. சரக்கு விவரமெல்லாம் தலைமை அலுவலகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. பதிலுக்கு, தலைமை அலுவலகம் கழித்துக்கட்டிய நான்கு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவற்றை டெர்மினல் மாதிரி நடிக்கவைக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட குழு, தலைவர் கொழுந்தன். ஐவரில் ஒருவர்கூட ஆயுசில் ஒரு வாஷருக்கும் ஆர்டர் போட்டதில்லை.

ஆறு வாரம் கூடிக்கூடிப் பேசினார்கள். எழுத்தின் நிறத்தை இருநூறு விதமாக மாற்றலாம் என்பதற்காகவே ஒரு மென்பொருளுக்கு முழு மதிப்பெண் விழுந்தது. ஒரே டிஸ்கில் அடங்கும் சின்ன மென்பொருள் ஒன்றும் போட்டியில் இருந்தது. அதன் விளம்பரத் தாள் கறுப்பு வெள்ளையில் இருந்ததால் முதல் சுற்றிலேயே கழன்றது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த கொழுந்தன், “முடிவு பண்ணியாச்சு அண்ணி. சூப்பர் ஐட்டம்!” என்றான்.

“நல்லது தம்பி. பதினேழாவது விசை அதுல எங்க இருக்கு?”

“எந்தப் பதினேழு?”

“ஆர்டரை உறுதி பண்ண மேல் வரிசையில பதினேழாவது விசையத்தானே அழுத்துறோம்? வந்திருக்கிற கீபோர்டுல பன்னெண்டோட நிக்குதே.”

“அதெல்லாம் டிரெயினிங்ல பாத்துக்கலாம்.”

“அந்தச் சின்னதுல எந்த விசைய வேணும்னாலும் மாத்திக்கலாமாம். போன் பண்ணிக் கேட்டேன். ஒரு டிஸ்க் அனுப்பியிருக்காங்க.”

“நீங்களே போன் பண்ணீங்களா? அப்புறம் குழுன்னு ஒண்ணு எதுக்கு அண்ணி?”

அவள் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

தொடக்க நாளன்று பொது மேலாளரே வந்தார். “ஆஹா, என்ன நிறம்!” என்று திரையைப் பார்த்துப் பூரித்தார். முதல் வாடிக்கையாளர் ஒரு லாரி மெக்கானிக். கிளட்ச் பிளேட் வேண்டும், வண்டி நடுரோட்டில் நிற்கிறது. அவள் விவரங்களைத் தட்டினாள். ‘உறுதிசெய்யப் பதினேழாம் விசையை அழுத்தவும்’ என்றது திரை. அவள் கையை எடுத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள்.

“திரையிலயே கீபோர்டு படம் வரும் சார். மவுஸால அழுத்தினா போதும்.”

“மவுஸ் எங்கப்பா?”

மவுஸைச் செருக அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. அதில் தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஒயர் செருகியிருந்தது. கொழுந்தன் எல்லா விசைகளையும் மாற்றி மாற்றி அழுத்தினான். நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஆர்டர் பாதியில் நின்றால், அது முடியும்வரை அந்தச் சரக்கை வேறு யாரும் தொடாதபடி பெரிய கம்ப்யூட்டர் பூட்டிவிடும். அதற்குள் மற்ற கிளைகளிலிருந்து போன்: “எங்க கிளட்ச் பிளேட்டை யாருங்க பூட்டி வச்சிருக்கீங்க?”

“எழுத்து அழகாத்தான் இருக்குக்கா” என்றார் மெக்கானிக். “பிளேட்டை எடுத்துக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.”

அவள் கைப்பையிலிருந்து டிஸ்கை எடுத்தாள். “சார், இதைப் போட்டுப் பாக்கட்டுமா?”

“மேடம், குழு ஒத்துக்காத மென்பொருளை...” என்று கொழுந்தன் ஆரம்பித்தான்.

“போடுங்கம்மா” என்றார் பொது மேலாளர்.

கம்ப்யூட்டரை அணைத்தாள், பூட்டு விட்டது. டிஸ்கைப் போட்டு, பதினேழாவது விசையின் வேலையைப் பன்னிரண்டாவதற்குக் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் மெக்கானிக் பிளேட்டோடு படியிறங்கினார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது: குழுவின் ஆழ்ந்த ஆய்வின் பயனாகச் சின்ன மென்பொருளே தேர்வு செய்யப்பட்டது, குழுவினருக்குப் பாராட்டுகள். அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அன்று மாலையே கொழுந்தன் வந்து நின்றான். “அண்ணி, விசைய எப்படி மாத்துறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். என் பேர்ல எல்லாக் கிளைக்கும் அனுப்பிடறேன்.”

“எழுதறேன் தம்பி. ஆனா கீழ என் பேருதான் இருக்கும்.”

“குழு ஒத்துக்கணுமே...”

“அப்ப குழுவையே எழுதச் சொல்லுங்க.”

ஐந்து பேரின் முகத்தையும் அவன் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். “சரி, உங்க பேரே இருக்கட்டும்” என்றான்.

இப்போது மற்ற பதினோரு கிளைக்காரர்களும் சந்தேகம் என்றால் நேராக அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். குழு கலையவில்லை. பிரிண்டர் தாள் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று மூன்றாவது முறையாகக் கூடியிருக்கிறது.