பின்பக்கத்துக் கொம்புகள்

மலையூர்க்காரி பரஸ்கா தன் பழைய பூவேலைச் சட்டையை ஒரே ஒரு பகலுக்குத்தான் கொடுத்தாள். மகளின் கல்யாணத்துக்கு அதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும், ஆனால் பழையதைக் கண்ணைவிட்டு அகல விட மனமில்லை. கொலொமியா நகரத்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பூவேலைக் கூடத்தில் அதை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றாள். போகும்போது ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னாள். சட்டைக் கைகளின் மேல்பகுதிப் பட்டையில் தைத்திருக்கும் ஆட்டுக்கொம்புகள் நெஞ்சைப் பார்த்து வளைய வேண்டும். முதுகைப் பார்த்து வளைந்தால் அது அவள் ஊர் ஆற்றுக்கு அந்தக் கரைக்காரர்களின் சட்டை. மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய சண்டை, ஒரு கரையின் சாவுக்கு மறு கரை போகாத அளவுக்கு முற்றியிருந்தது.

சட்டையைப் பார்த்துக் கணினியில் கட்டம் கட்டமாக வரைவது டார்காவின் வேலை. நாற்பத்தொரு வயது. ரொட்டித் தொழிற்சாலையில் ஆறு வருஷம் இராப்பணி பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவள். கூடத்தின் முதலாளியம்மாவை எல்லோரும் மரியாதையாக பானி ஸ்தெஃபா என்பார்கள். அவர் டார்காவை இன்னும் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார். பரஸ்காவின் சட்டை சரியாக வந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் பழைய அடுப்புக்கே போகலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

பட்டையில் இரண்டு வகைத் தையல். அகலமான மேல்வரிசையில் கொம்புகள், அவை இந்த மலைப்பக்கத்துக்கே உரிய அடித்தையல். கீழே விரற்கடை அகலத்தில் சாய்ந்த கிளைகள். அவை குறுக்குத் தையல். மென்பொருளின் பட்டியலில் முழுக் குறுக்கு, அரை, கால், ஓரக்கோடு, முடிச்சு எல்லாம் இருந்தன. அடித்தையல் இல்லை. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் இந்த மலைப்பக்கம் வந்ததே இல்லை போலும். டார்கா பட்டியலில் இருந்த நீளத் தையலை எடுத்து, மூன்று இழை, ஐந்து இழை என்று எண்ணி எண்ணிக் கறுப்பில் கொம்பின் வெளிக்கோட்டைப் போட்டாள். பிறகு சிவப்பையும் மஞ்சளையும் நிரப்பினாள். கிளைகளுக்குப் பெருக்கல் குறி போட்டாள். வலது கைக்கு ஒரு தாள், இடது கைக்கு ஒரு தாள். மின்சாரம் நிற்கும் நேரங்கள் சுவரில் ஒட்டியிருந்தன; இருந்தாலும் அதை நம்பாமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சேமித்துக்கொண்டாள். நாலு மணிக்குத் திரையில் இருந்ததும் மேசையில் கிடந்ததும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

ஏழு வாரம் கழித்து, அந்தத் தாள்களைப் பார்த்துத் தைத்த ஹாஃபியா பட்டைகளை முடித்துக் கொண்டுவந்தாள். இருபத்தொன்பது வயது, சமவெளிக்காரி. கூடத்திலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய். பானி ஸ்தெஃபா நூல் வாங்கப் போயிருந்தார். டார்கா பட்டைகளை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, ஏழு வாரம் கண்ணு போகப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லாம மரம் மாதிரி நிக்கிற?"

"கொம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

"முதுகுப் பக்கம்."

"கிளை?"

"நெஞ்சுப் பக்கம். நானும் பாத்தேன். மலைக்காரங்க எதையுமே நேரா வைக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

டார்கா தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தாளில் கொம்பும் கிளையும் நெஞ்சையே பார்த்தன. ஹாஃபியா துணியைப் புரட்டிக் காட்டினாள். பின்பக்கத்தில் கொம்புகள் தாளில் இருந்தபடியே இருந்தன.

"அக்கா, நீ இத முன்பக்கம் பாத்தா வரைஞ்ச?"

அடித்தையலைத் துணியின் பின்பக்கத்திலிருந்துதான் போடுவார்கள். அதற்கான தாளும் பின்பக்கம் பார்த்து வரைந்ததாகவே இருக்கும். அந்த ஊசியைப் பிடித்த எவளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டார்கா அதைப் பிடித்ததில்லை. குறுக்குத் தையல் மட்டும் போடுவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று பானி ஸ்தெஃபா கேட்டபோது, எல்லாத் தையலும் தெரியும் என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஹாஃபியா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பானி ஸ்தெஃபா இதற்கு முன் செருப்புக் கடை வைத்திருந்தவர், ஊசியே தொடாதவர். தாளையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தாளில் ஒன்று, துணியில் ஒன்று. பழி துணிமேல்தான் விழும், துணி ஹாஃபியாவுடையது. இருவருக்கும் அது தெரிந்திருந்தது. டார்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

அவள் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். வலது கைத் தாளைத் திறந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பும் பொத்தானை அழுத்தினாள். வந்தது இடது கை. அப்படியென்றால் வலது பட்டையில் விழுந்திருப்பது இடது கையின் கொம்பு. பட்டைகள் நீள்சதுரம், இன்னும் சட்டையில் தைக்கவில்லை. எழுந்து போய் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள்.

"கொம்பு சரியாப் போச்சு," என்றாள் ஹாஃபியா. "இப்ப கிளை திரும்பிக்கிச்சே."

"கிளை ஒரே ஒரு வரிசை. பிரிச்சுப் போட்டுடலாம்."

பானி ஸ்தெஃபா நூல் பையோடு வந்து நின்றபோது பட்டைகள் மேசையில்தான் கிடந்தன. தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ஹாஃபியாவைப் பார்த்தார்.

"தாள் ஒழுங்காத்தான இருக்கு? போட்ட கைக்கு என்னடி ஆச்சு?"

ஹாஃபியா நூல் பையை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"தாள்தான் தப்பு," என்றாள் டார்கா. "இந்தத் தையலுக்குப் பின்பக்கம் பாத்து வரையணும். எனக்குத் தெரியல. நான் இதப் போட்டதே இல்ல."

"எல்லாம் தெரியும்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

பானி ஸ்தெஃபா திட்டவில்லை. நாள்காட்டியைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கிளையை யார் போடுவது என்று மட்டும் கேட்டார். டார்கா தான் போடுவதாகச் சொன்னாள். நாலு நாள் பிரித்துப் போட்டாள். பழைய துளைகளைச் சூடான இஸ்திரிப் பெட்டியும் ஈரத் துணியும் மூடின. ஹாஃபியா போகிற வருகிற போதெல்லாம் எட்டிப் பார்த்து, கிளையா இது, துடைப்பமா என்று கேட்டாள். ஆனால் ஒரு முனையைப் பிடித்து நூலை உருவியும் கொடுத்தாள்.

பரஸ்கா வந்து கொம்புகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம்தான். சிவப்பு கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது என்று குறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் பானி ஸ்தெஃபா டார்காவைக் கூப்பிட்டு, நிரந்தரம் என்று தான் சொன்னதை மறந்துவிடச் சொன்னார். வேலையை விட்டுப் போகவும் வேண்டாம். மூன்று மாதம் பார்க்கலாம். இனி அடித்தையலுக்கு எந்தத் தாளை வரைந்தாலும், அச்செடுக்கும் முன் அவளே ஒரு சாண் துணியில் போட்டுக் காட்ட வேண்டும். பேச்சோடு பேச்சாக ஒரு புது வேலையையும் நீட்டினார். அந்தக் கரையிலிருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள். கொம்பும் கிளையும் முதுகைப் பார்க்க வேண்டும்.

டார்கா பழைய கோப்பைத் திறந்தாள். கொம்புகளை மாற்றவே தேவையில்லை, பின்பக்கத்திலிருந்து போட்டால் அவை தானாகவே முதுகைப் பார்க்கும். அந்தக் கரைக்கு அந்தத் தாள் உள்ளபடியே சரி. கிளைகளை மட்டும் அழித்துத் திருப்பி வரைந்தாள். அச்சுப் பொத்தானுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, ஹாஃபியாவின் மேசையிலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்தாள். புரட்டி, பின்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு, கறுப்பு நூலை ஊசியில் கோத்தாள்.