பள்ளத்துல போவுது, மறிடி!

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் சமதரை என்றால் பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது அங்கேதான். சாயங்காலம் பிள்ளைகள் பந்தடிப்பதும் அங்கேதான். மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. பந்து விளிம்பைத் தாண்டினால் ஓடை வரைக்கும் உருண்டுவிடும். கடைசியாகத் தொட்டவர் இறங்கி எடுத்துவர வேண்டும். செடியை மிதித்ததற்குக் கங்காணியிடமும் வீட்டிலும் ஏச்சு வாங்க வேண்டும். அந்த ஏச்சுக்குப் பயந்தே இராக்கம்மாவின் மகள் சுதர்ஷினி, விளிம்புக்குப் போகும் பந்தையெல்லாம் மறித்து மறித்துக் கால் பழகியிருந்தாள்.

அந்தச் சுதர்ஷினி, பதினாறு வயதில், இலங்கை என்று எழுதிய சட்டையோடு கொழும்பு உதைபந்தாட்ட மைதானத்தில் நிற்கிறாள்! இராக்கம்மாவுக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய இடம், ஒரு பக்கமாவது சாய்ந்திருக்க வேண்டாமா? புல்லைக்கூட யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி இருந்தது.

எதிரே மாலைதீவுப் பெண்கள். மலேசியாவில் நடக்கும் போட்டிக்குப் போகும் அணியை இன்றைய நட்பு ஆட்டத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்வார்கள் என்று, பதுளையிலிருந்து கூட்டி வந்த றமீலா டீச்சர் சொல்லியிருந்தார். தெரிவாகாவிட்டால் திங்கட்கிழமையே மகள் பேரைத் தோட்டத்தில் பதிந்து கொழுந்துக் கூடையை மாட்டிவிடுவது என்று அப்பா இராசையா முடிவாகச் சொல்லிவிட்டார். இராக்கம்மாவும் தலையாட்டிவிட்டுத்தான் ரயிலேறினாள்.

கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் சுதர்ஷினியை இறக்கினார்கள். இறங்கியதுமே மானத்தை வாங்கினாள். பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, எல்லாரும் நின்றுவிட்டார்கள். இவள் மட்டும் விரட்டிக்கொண்டு கம்பிவேலி வரை ஓடி எடுத்து வந்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இவ ஏன் ஓடுறா? எடுத்துக் குடுக்க ஆள் இருக்கே" என்றார் டீச்சர்.

"எங்களுக்கு எடுத்துக் குடுக்க யாருங்க டீச்சர் இருந்தா?" என்றாள் இராக்கம்மா.

இன்னும் இரண்டு நிமிடம். யாரும் கோல் போடவில்லை. மாலைதீவுக் கோலுக்குப் பக்கத்தில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி உருண்டது. வெளியே போய்விடும் என்று அந்தப் பிள்ளைகள் ஓட்டத்தை விட்டார்கள். சுதர்ஷினி விடவில்லை. இராக்கம்மா எழுந்து, மலைக்கு மலை கேட்கிற குரலில் கத்தினாள்.

"பள்ளத்துல போவுது, மறிடி!"

கோட்டின் மேலேயே அந்தக் கால் நீண்டது. பந்து நின்றது. அதை அவள் உள்ளே தட்டிவிட, ஓடிவந்த தோழி வலைக்குள் அடித்தாள். சிரித்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. இராக்கம்மா மட்டும் மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். இது என் வயிற்றில் பிறந்ததா? இந்தக் காலையா இத்தனை நாள் ஏசினேன்?

ஆட்டம் முடிந்து வாசித்த பட்டியலில் மூன்றாவது பேர் சுதர்ஷினி.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை, "எங்க ஒம் மக? பேர் பதியணும்னீங்களே?" என்றார்.

"பதியாதீங்கய்யா" என்றாள் இராக்கம்மா. "அவ மலேசியா போறா, நாட்டுக்கு வெளையாட."

பக்கத்தில் நின்ற இராசையாவும் தலையாட்டினார். இராக்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு களத்தின் விளிம்புக்கு வந்தாள். மகள் பந்தெடுக்க இறங்கி ஏறிய தடம் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையாகவே விழுந்திருந்தது. அந்த வழியாகவே அம்மா கொழுந்தெடுக்க இறங்கினாள்.