கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் கொழுந்தன் காளிராஜுக்குத் துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். படித்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் காணாமல் போன அன்று, படித்ததையெல்லாம் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினான் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வரப்போரத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வருகிறேன் என்று விடியும்போதே அருவாளோடு போன மனுஷன், வெயில் உச்சிக்கு ஏறியும் சாப்பிட வரவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நானும் காளிராஜும் தேடிப் போனோம். சிக்கல் ஊருக்குப் போகிற ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் இறங்குகிற வரப்பில் ஒற்றைச் செருப்பு. பக்கத்தில் ரத்தம், காய்ந்தும் காயாமலும். உள்ளே ஓடப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் காளிராஜ்.

"மதினி, கால வச்சிராதீக! தடயம் அழிஞ்சுபோகும்."

ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். வரப்பு நெடுகக் கயிறு கட்டினான். செய்தி கேட்டு ஓடிவந்த சனத்தையெல்லாம் அதற்கு வெளியே நிறுத்தினான். "போலீசு வார வரைக்கும் ஒரு ஆளு உள்ள போகக் கூடாது!" என்று அவன் போட்ட சத்தம் அடுத்த புஞ்சைக்கே கேட்டிருக்கும்.

யார் வெட்டியிருப்பார்கள் என்பதுதான் அவன் கவலை. எங்களோடு வரப்புத் தகராறு உள்ள தங்கப்பாண்டியை யாரோ கைகாட்டினார்கள். அவரும் அங்கேதான் நின்றார், முகமெல்லாம் வெளிறிப்போய்.

காளிராஜ் தலையை ஆட்டினான். "எல்லாரும் சந்தேகப்படுற ஆளு செஞ்சிருக்க மாட்டாரு. யாரும் நெனச்சே பாக்காத ஆளாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணன் ஏன் போனை வீட்டுலயே விட்டுட்டுப் போனாரு மதினி? நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையே?"

புருஷனைத் தேடி வந்து நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரி மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏலே, யாரு செஞ்சான்னு அப்புறம் கண்டுபிடி. உங்க அண்ணன் எங்கன கெடக்காருன்னு ஒரு எட்டு போய்ப் பாத்தியா?" என்று காளிராஜைக் கேட்டேன்.

நான் கயிற்றைத் தாண்டினேன். "தடயத்த அழிக்கப் போறாக, பிடிங்க!" என்று கத்தினான். இரண்டு பேர் என்னை மறித்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு என்னோடு ஓடிவந்தது தங்கப்பாண்டிதான்.

செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினோம். கிணற்று மேட்டுக்குப் பின்னால் கிடந்தார். வெட்டும்போது அருவா நழுவிக் கெண்டைக்காலில் இறங்கியிருக்கிறது. துண்டால் கட்டிக்கொண்டு, தண்ணீருக்காகக் கிணற்றுப் பக்கம் தவழ்ந்திருக்கிறார். துண்டு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. நாங்கள் கூடி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். நாடி கொஞ்சமாக ஓடியது. தங்கப்பாண்டி அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

யாரோ போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸில் ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கூப்புட்டுப் பாத்தேன்... எனக்குச் சத்தம் எழும்பல. காளி பேசுனது நல்லாக் கேட்டுச்சு. யாரையும் உள்ள விடாம அவன்தான தடுத்தான்?"

அண்ணன் மேல் காளிராஜுக்கு உயிர். அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் எதைப் படித்தான், என்ன நினைத்து அப்படிச் செய்தான் என்பதை உயிர் ஊசலாடுகிற மனுஷனிடம் நான் எங்கிருந்து தொடங்கிச் சொல்ல?

"நான் சாகட்டும்னு நெனச்சுட்டான்ல" என்றார்.

காளிராஜ் தேம்பி அழுதுகொண்டே படியில் கால் வைத்தான். "அண்ணே, நானும் வாரேன்."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவ்வளவு ரத்தம் போன உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ.

"இராமலட்சுமி, அவன ஏற விடாத."