ஐம்பதாவது கோது

"அதில கை வைக்காதை தம்பி" என்று சிவனேஸ்வரி சொன்னபோது கணேசலிங்கம் மேசையில் பூட்டியிருந்த பிரஸ்ஸின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டுவிட்டிருந்தான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கோட்டுகளைப் போட ஓர் இடம் தேடித்தான் அவன் மேல்மாடிச் சிறிய அறைக்கு வந்திருந்தான். மார்ச் மாதக் குளிரில் லண்டன் மோர்டனுக்கு வந்த சனம் ஆளுக்கொரு போர்வை கனத்தில் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"இதை நிமிர்த்திவிட்டா இடம் கிடைக்கும் அக்கா. முன்னுக்கு நீட்டிக்கொண்டெல்லே நிக்குது."

"நிக்கட்டும். கோட்டுகளை முகுந்தன்ரை அறையில போடு."

வெம்பிளியில் இரண்டு கடை வைத்திருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி கணேசலிங்கத்துக்கு மறுப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் செத்தவீட்டில் பெண்சாதிக்காரி சொல்வதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, அந்த ஒரு நாளைக்காவது. அவன் கோட்டுகளை அள்ளிக்கொண்டு போனான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். ஆறு நாட்களுக்கு முன், சனிக்கிழமை காலை, அவள் கணவர் வைத்தியநாதன் இந்தக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். தேத்தண்ணீர் கொண்டு வந்தவள்தான் முதலில் கண்டாள். கை மடியில் கிடந்தது. கைப்பிடி மட்டும் அவர் அழுத்தியபடியே கீழே நின்றது. இன்றும் அப்படியேதான் நிற்கிறது.

திங்கட்கிழமை பொலிஸ் வந்து துவக்கையும் தோட்டாக்களையும் வெடிமருந்தையும் மிக மரியாதையாக எழுதி வாங்கிக்கொண்டு போனது. சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவற்றையும், கோதுகளை அழுத்தி அளவாக்கும் இந்தப் பிரஸ்ஸையும் விட்டுவிட்டார்கள்.

வைத்தியநாதனுக்குப் பள்ளிக்கூடத்துக் கடேற் படையில் தொற்றியது இந்தச் சுடும் பழக்கம். லண்டனுக்கு வந்து, தபால் பிரிக்கும் வேலை நிரந்தரமானதும், மாதத்தில் ஒரு ஞாயிறு பிஸ்லிச் சுடுதளத்துக்குப் போய்க் குறிபார்த்துச் சுட்டுவிட்டு வருவார். எண்பத்தாறில் ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரன் துவக்கு வைத்திருந்த இரும்புப் பெட்டியைக் கண்டுவிட்டு, "அண்ணை, இயக்கத்துக்கோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "இது கடதாசியைச் சுடுற துவக்கு தம்பி" என்றார் இவர். அவன் நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு தனி மரியாதை கிடைத்தது.

புதுத் தோட்டா விலை கட்டுபடியாகாது என்று சுட்ட கோதுகளை வீட்டிலேயே திரும்ப நிரப்பினார். வெடித்ததும் பித்தளைக் கோது கொஞ்சம் ஊதிவிடும். பிரஸ்ஸின் கைப்பிடியைக் கீழே அழுத்தி, அதை உருக்கு அச்சுக்குள் ஏற்றி இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் எண்ணெய் பூச வேண்டும். தபால் கந்தோர் மைப்பெட்டி போன்ற ஒரு பஞ்சுப் பலகையில் எண்ணெயைத் தடவி, கோதை அதில் உருட்டி எடுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் கோதின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் குழி விழும். குறைந்தால் அச்சுக்குள் இறுகிக்கொள்ளும். பிறகு ஆள் முழுப் பலத்தையும் போட்டாலும் அசையாது.

சீனி வருத்தத்தால் அவருடைய விரல் நுனிகள் விறைத்துப்போயிருந்தன. எண்ணெய் கூடவா குறையவா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே அந்த வேலை அவளுடையதாயிற்று. ஆரம்பத்தில் அவள் தாராளமாகப் பூசினாள், கோதெல்லாம் குழி. "இஞ்சேரும், இது என்ன மாம்பழமே, அமத்திப் பாத்திருக்கிறீர்?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சிரிப்பார்.

ஒரு தைமாதம் எண்ணெய்ப் போத்தல் முடிந்துவிட, எண்ணெய் எண்ணெய்தானே என்று அவள் தேங்காயெண்ணெயை அடுப்பில் உருக்கிப் பூசிவைத்தாள். காலையில் இந்த ஹீற்றர் இல்லாத அறையில் அது கட்டிபட்டு, கோதுகள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. அவர் அதையும் பார்க்காமல் அழுத்தினார். கோது இறுகிப்போய், அதைத் தட்டி எடுக்க ஒரு ஞாயிறு முழுக்கச் சரியாயிற்று.

"ஒருக்காப் பாத்திட்டு அமத்தக் கூடாதே?" என்று அவள்தான் கோபப்பட்டாள்.

"நீர் உருட்டினதை நான் ஏன் பாக்கவேணும்?" என்றார் அவர். கடைசிவரை அவர் பார்க்கவே இல்லை.

அதுதான் இந்த ஆறு நாளும் அவளைத் தின்றது. அவர் போவதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். கணேசலிங்கத்தின் மகள் வயதுக்கு வந்து, அடுத்த வாரம் சாமத்தியவீடு. இவர் அன்றைக்குப் பிஸ்லிக்குப் போகவேண்டும் என்றார். அவள் பேச்சை நிறுத்திவிட்டு, மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு வந்து கோதுகளை உருட்டினாள். கை வேலை செய்தது, மனம் அதில் இல்லை. ஐம்பதாவதைக் கையில் எடுத்தபோது கொழும்பிலிருந்து அவள் தங்கையின் போன் வந்தது. கோதை எடுத்தது ஞாபகம். உருட்டியது ஞாபகம் இல்லை. திரும்பி வந்து என்ன செய்தாள் என்பதும் ஞாபகம் இல்லை.

மேசையில் நாற்பத்தொன்பது கோதுகள் அளவாக்கித் துடைத்து, குழிகள் போட்ட மரப்பலகையில் நிற்கின்றன. ஐம்பதாவது அச்சுக்குள் இருக்கிறது. கைப்பிடியைத் தூக்கினால் அது தானாக இறங்கி வரவேண்டும். வராவிட்டால் அது காய்ந்த கோது. காய்ந்த கோதோடு மல்லுக்கட்டித்தான் அந்த இதயம் நின்றிருக்கும். அப்படியென்றால் அவரைக் கொன்றது அவளுடைய கோபம்.

டொக்டர் வேறு காரணம் சொன்னார். டொக்டருக்குக் கோதைப் பற்றி என்ன தெரியும்?

கீழே வாசலில் கார்க்கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "அம்மா, அப்பாவைக் கொண்டு வந்திட்டினம்" என்று மகன் முகுந்தன் படியடியில் நின்று கூப்பிட்டான்.

பெட்டியை முன்னறையில் வைத்துத் திறந்தார்கள். ஒரு மணித்தியாலம்தான், பிறகு ஸ்ட்ரெதமுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அவள் சுடலைக்குப் போகப்போவதில்லை. வேட்டியும் நஷனல் சட்டையும் உடுத்தி, சவரம் செய்த முகத்தோடு அவர் யாரோ ஒரு தலைமை ஆசிரியரைப் போலக் கிடந்தார்.

ஐயர் அரப்பும் எண்ணெயும் வைக்கக் கூப்பிட்டார். அவள் கிண்ணத்துக்குள் விரல் நுனியை விட்டு, விளிம்பில் ஒற்றி, பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, அவருடைய தலையில் தடவினாள். எண்ணெய் பட்டதே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் அள்ளி வையுங்கோ அம்மா" என்றார் ஐயர். "கஞ்சத்தனம் பாக்கக் கூடாது."

"கூடினாக் குழி விழும்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஐயர் முகுந்தனைப் பார்த்தார். முகுந்தன் தரையைப் பார்த்தான். துக்கத்தில் எதையோ சொல்கிறாள் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சனம் வரிசையாக வாய்க்கரிசி போடத் தொடங்கியபோது அவள் அந்தக் கைகளை விலக்கிக்கொண்டு எழுந்தாள். மன்னிப்புக் கேட்பதென்றால் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். பெட்டியை மூடிய பிறகு யாரிடம் கேட்பது?

"எங்கையம்மா போறீங்கள்?"

"ஒரு நிமிஷம்."

குளியலறையில் இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கைகழுவினாள். விரல்களை நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை என்று முகர்ந்தும் பார்த்தாள். பிறகு சிறிய அறைக்குள் போய் அவருடைய கதிரையில் இருந்தாள். கைப்பிடியின் கறுப்புக் குமிழ் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள்.

அது ஒரு சத்தமும் இல்லாமல் மேலே வந்தது.

கண்ணைத் திறந்தபோது கோது இறங்கி அவள் முன்னால் நின்றது. தொட்டாள். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. தேவைக்கு மேலேயே இருந்தது. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். தோளில், உழுத்தம்பருப்பு அளவில், ஒரு குழி.

போனுக்கு முன் ஒரு தரமும் பின் ஒரு தரமுமாக அவள் அதை இரண்டு முறை உருட்டியிருக்கிறாள். ஐந்தாறு வருஷமாக அவள் செய்யாத பிழை. அவர் இருந்திருந்தால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை கதை சொல்லியிருப்பார், வெம்பிளிச் சாமத்தியவீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியிருப்பார். அவள் குழியின்மேல் சுண்டுவிரல் நுனியை வைத்தாள். அளவாக இருந்தது.

"அக்கா, மூடப் போகினம்" என்று கணேசலிங்கம் கதவுக்கு வெளியே நின்று சொன்னான்.

"வாறன்."

துணி, அவர் வைக்கும் இடத்திலேயே, மேசை ஓரத்தில் மடித்தபடி இருந்தது. கழுத்திலிருந்து அடிவரை கோதைச் சுற்றித் துடைத்தாள். பலகையில் மிச்சமிருந்த ஒரே குழியில் அதை நிறுத்தி, மற்றவற்றோடு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போனாள்.