பரிசு பெற்ற கழிப்பறை

சந்தைக்கு எதிரே சுகாதார வாரியம் கட்டிய பொதுக் கழிப்பறையைப் போல் சுத்தமான இடம் அந்த ஊரில் வேறு கிடையாது. யாரும் அதற்குள் போனதில்லை, அதனால்தான்.

திறப்பு விழாவன்று வாரியத் தலைவர் ரிப்பன் வெட்டினார், குழாயைத் திருகிக் காட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள், பூட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சுகாதார ஆய்வாளர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. பினாயில் என்றால்தான் தெரியும். ஜனங்கள் வந்தால் அழுக்காகும், அழுக்கானால் தூய்மைப் போட்டியில் மதிப்பெண் குறையும் என்றார் பினாயில். வாரியம் கூடியது, டீ குடித்தது, ஆய்வுக்குழு வந்து போகிறவரை கழிப்பறையைத் திறப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஒரு குழு போன மறுநாளே, அடுத்த குழு வருகிறவரை என்ற கணக்கு ஆரம்பித்துவிடும். போன வருஷம் முதல் பரிசே கிடைத்தது.

சாவி காவலாளியிடம். தினமும் பூட்டைத் திறந்து, கழுவின தரையையே கழுவி, மறுபடி பூட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். அவசரமாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் மீதி நேர வேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் விடுகிற சாபத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டான். வேலை தற்காலிகம். "இந்தத் தடவையும் முதல் பரிசு வாங்கிட்டா உன்னை நிரந்தரமாக்கிடறேன்ப்பா" என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

சந்தையின் முதல் கடை அவன் மனைவியுடையது. தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம். பொழுது சாய்கிறவரை அங்கேதான். ஆண்கள் சுவரைக் கண்டால் திரும்பிக்கொள்வார்கள். பெண்கள் எங்கே போவது? அதனால் சந்தைப் பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அப்படி அடக்கி அடக்கி அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது, கூடவே காய்ச்சலும் வந்தது. டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார்.

"நிறைய தண்ணி குடிக்கணுமாம். அடக்கவே கூடாதாம். இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னியே போயிடுமாம்" என்றாள் கணவனிடம்.

"அப்ப குடிக்க வேண்டியதுதானே?"

"குடிச்சுட்டு? உங்க தலைவர் வாங்கின பரிசுக் கோப்பைக்குள்ளயா போறது?"

"கொஞ்சம் பொறுத்துக்கடி. ஆய்வு முடியட்டும். வேலை நிரந்தரமாயிடுச்சுன்னா..."

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். அப்புறம் நீங்களும் அந்தப் பூட்டும் குடும்பம் நடத்துங்க."

தினமும் தரையைக் கழுவும்போது அவனுக்கு, ஒரே ஒரு தடவை அவளுக்கு மட்டும் திறந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் அவளுக்குத் திறந்தால் அவள் பின்னால் சந்தையே வரும். பினாயிலுக்கு மோப்பம் வேறு அதிகம்.

ஆய்வு நாள் வந்தது. குழுவின் தலைவி கண்ணாடி போட்ட வயதான அம்மாள். சுவரை விரலால் தடவினார், மூலையை முகர்ந்தார், தலையை ஆட்டினார். அவர் ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாரியத் தலைவர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

"இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேர்த்திருக்கோம்" என்றார் அம்மாள். "உபயோகிக்கிறவங்க கருத்து. தினம் வர்ற யாரையாவது கூப்பிடுங்க, பேசணும்."

தலைவர் பினாயிலைப் பார்த்தார். பினாயில் காவலாளியைப் பார்த்தார். காவலாளி தரையைப் பார்த்தான். தரையில் அவன் முகம் தெரிந்தது.

தலைவர் அவனை ஓரங்கட்டினார். "எதிர்லதானே உன் சம்சாரம் இருக்கா? ஓடிப்போய்க் கூட்டிட்டு வா. தினமும் வர்றேன், நல்லா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லட்டும். உன் வேலை அவ வாயிலதான் இருக்கு."

சாலையைக் கடந்து போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"வாயில வைக்காமலே உப்பு சரியா இருக்குன்னு சொல்லச் சொல்றீங்க?"

பக்கத்துக் கடைப் பழக்காரியின் செம்பை வாங்கி, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் அவள் கடகடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"இவங்க தினமும் வர்றவங்க" என்று தலைவர் பல்லெல்லாம் தெரிய அறிமுகம் செய்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டு, அவள் விறுவிறுவென்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே வாரியம் முழுவதும் வானத்தைப் பார்த்தபடி நின்றது. மழை வருமா என்று பினாயில் விசாரித்தார். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. கட்டின நாள்லேருந்து இன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ள வர்றேன். கட்டினவரு மகராசனா இருக்கட்டும். பூட்டினவரைப் பத்தி நீங்க கேக்கலை, அதனால நான் சொல்லலை."

அவள் திரும்புவதற்குள் பழக்காரி வாசலில் நின்றாள். அவள் பின்னால் மீன்காரி, அதற்கும் பின்னால் கூடைக்காரிகள். எதிரே சந்தையில் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன.

"யோவ், என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறே? பூட்டுய்யா!" என்று பினாயில் காவலாளியிடம் சீறினார்.

"போன வருஷம் இந்தக் கூட்டத்தைப் பாக்கலையே?" என்றார் அம்மாள். பிறகு, வரிசை மிகவும் நீளம் என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

பரிசு போயிற்று. தலைவர் முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். நேராக வந்து காவலாளிக்கு முன்னால் நின்றார்.

"நாளைக்கு நீ இங்க வேலையில இருக்கமாட்ட, தெரிஞ்சுக்க. பூட்டுடா இப்ப!"

எதிரே கடையில் அவன் மனைவி இன்னொரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் குடித்து அவன் எத்தனையோ நாளாகப் பார்த்ததில்லை.

"சரிங்கய்யா, நாளைக்கு இல்லை" என்றான் காவலாளி. "இன்னிக்கு இருக்கேன்ல? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொம்பளைங்களுக்கு வழியை மறிக்கிறீங்க."